ஒன்பதாம் வாரத்தில் யாரும் வரவில்லை

ஸ்கார்விக், 16 மார்ச் 1999

அன்புத் தம்பி எய்லிஃபுக்கு,

அக்கா தூர்திஸ் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உப்புத் தண்ணீரில் விரல் வெடிப்பதைத் தவிர. உன் முதுகு எப்படி இருக்கிறது? திராமனில் பனி கரைய ஆரம்பித்ததா? இங்கே கடை வாசலில் இன்னும் முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது.

உனக்குப் புதிர் பிடிக்குமே, ஒன்று அனுப்புகிறேன். ஒரு ஆள் ஒரு கடைக்கு வருகிறான். கடைக்காரி உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள். இருந்தும் கதவு பூட்டியிருக்கிறது. எப்படி?

கதை இதுதான். என் குளிர் அறையை வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் போட்ட கம்பெனிக்காரர்கள் வந்து சோதித்து முத்திரை ஒட்ட வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் மீன் வடை விற்கக் கூடாது. "ஒன்பதாம் வாரம் வருகிறோம், கடையில் ஆள் இருக்கட்டும்" என்று, நம் ஊர் வழக்கப்படி வருஷத்தின் வார எண்ணை மட்டும் போட்டு, கடிதம் எழுதினார்கள். காலண்டரில் அது மார்ச் முதல் வாரம். எட்டாம் வாரம் குளிர்கால விடுமுறை. மகள் குடும்பத்தோடு மலைக் குடிலுக்குப் போய்விட்டு, இவர்களுக்காகவே ஞாயிற்றுக்கிழமை அவசரமாகத் திரும்பினேன். திங்கள் முதல் வெள்ளி வரை கடையை விட்டு நகரவில்லை. ரொட்டி வாங்கக்கூடப் போகவில்லை. ஒரு ஈ காக்கை வரவில்லை.

நேற்று பில் வந்தது: வீண்நடைக் கட்டணம். எங்கள் ஆள் வந்தார், கதவு பூட்டியிருந்தது, போய் வந்த செலவைக் கட்டு என்று. தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"பூட்டின கதவுன்னு கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க."

"கம்ப்யூட்டரா என் கடைக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். அவள் அதே வரியை மறுபடி படித்தாள்.

அந்த மெக்கானிக் பொய் சொல்கிறானா, அல்லது எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா? நீ யோசித்துச் சொல்.

அன்புடன்,
அக்கா


திராமன், 23 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. விரல்களுக்கு ஆட்டுக் கொழுப்புத் தடவு, மருந்துக்கடைக் களிம்பை நம்பாதே.

உன் மூளையில் குழப்பம் இல்லை. புதிரில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. சில கேள்விகள். பில்லில் தேதி போட்டிருக்கிறதா, வாரம் மட்டும்தானா? பனியில் கால்தடம் ஏதாவது பார்த்தாயா? பக்கத்துக் கடைகளுக்கும் இதே கம்பெனியா, அவர்களுக்கும் வீண்நடை விழுந்ததா? பூட்டிய கதவைப் பார்த்தால் மெக்கானிக்குகள் சீட்டு ஒன்று உள்ளே போடுவார்கள். அது எங்கே? அவர்களுடைய கடிதத்தையும் பில்லையும் நகல் எடுத்து அனுப்பு. மெக்கானிக் பொய் சொல்கிறான் என்று மட்டும் உடனே முடிவு கட்டாதே. பூட்டிய கதவால் அவனுக்கு என்ன லாபம்?

எனக்கும் ஒரு செய்தி உண்டு. காகித ஆலை மூடி இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன் அல்லவா, ஜனவரியிலிருந்து ஒரு அலுவலகத்தில் வேலை. கடிதங்களை மடித்து உறையில் போட்டு அனுப்புவது. சிரிக்காதே. ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்கு இதுவே பெரிசு.

நகலை மறக்காதே. எனக்கு ஆவல் தாங்கவில்லை.

தம்பி,
எய்லிஃப்


ஸ்கார்விக், 27 மார்ச் 1999

அன்புத் தம்பிக்கு,

வேலை கிடைத்ததைக் கேட்டு நிஜமாகவே வயிறு குளிர்ந்தது. இரண்டு வருஷமாக உன் கடிதங்களில் முதுகையும் வானிலையையும் தவிர ஒன்றும் இருக்காது. அன்று பூராவும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வடை கூடப் போட்டேன். எந்த அலுவலகம் என்று எழுத மறந்துவிட்டாய்.

நகல் இத்துடன் இருக்கிறது. தலைப்பில் வெள்ளைக் கரடி படம் பார்த்தாயா? கரடி படம் போட்டவர்கள் கரடி விடாமல் என்ன செய்வார்கள்.

உன் கேள்விகளுக்குப் பதில். தேதி கிடையாது, வாரம் மட்டும்தான். கால்தடம் பார்க்கவில்லை. சீட்டும் கிடைக்கவில்லை. குடிலிலிருந்து வந்தபோது கதவுக்குப் பின்னால் விளம்பரக் காகிதம் குவிந்திருந்தது. அப்படியே அள்ளி அடுப்பில் போட்டேன், நன்றாக எரிந்தது. ஆனால் அது அவர்கள் வருவதற்கு முந்தின வாரக் குப்பை, ஆகவே அதில் சீட்டு இருந்திருக்க முடியாது. எதிர்க்கடைப் பூக்கார ஹல்வார்டுக்கும் இதே கம்பெனி, அவருக்கும் வீண்நடை. அவரும் ஒன்பதாம் வாரம் முழுக்கக் கடையில் இருந்தேன் என்று சத்தியம் செய்கிறார். ஆனால் பேக்கரி இங்கெரிடுக்கு ஒழுங்காக வந்து முத்திரை ஒட்டியிருக்கிறார்கள். ஒரே தெரு, ஒரே கரடி. இது என்ன நியாயம்?

மறுபடி வருவது பதினான்காம் வாரமாம். ஈஸ்டருக்குக் குடிலுக்குப் போய் ஈஸ்டர் திங்கள் மாலைக்குள் திரும்பி, செவ்வாய் காலை ஏழுக்கே கதவைத் திறந்து வைக்கிறேன். இந்தத் தடவை எப்படித் தப்பிக்கிறார்கள் பார்ப்போம். ஈஸ்டருக்கு ஆரஞ்சு வாங்கிச் சாப்பிடு.

அக்கா தூர்திஸ்


ஸ்கார்விக், 20 ஏப்ரல் 1999

எய்லிஃப்,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முதுகு மறுபடி பிடித்துக்கொண்டதா? கடிதம் மடிக்கிறவனுக்கு ஒரு கடிதம் எழுத நேரமில்லையா?

இரண்டாவது வீண்நடையும் வந்துவிட்டது, எனக்கும் ஹல்வார்டுக்கும். பதினான்காம் வாரம் கதவைத் திறந்தே வைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. "பூட்டிய கதவு" என்கிறார்கள்.

இது இப்போது விளையாட்டு இல்லை. மூன்றாவது முறையும் பூட்டிய கதவு என்றால் ஒப்பந்தம் ரத்து, மிச்ச மூன்று வருஷக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டுமாம். அதைவிட மோசம், முத்திரை இல்லை என்றால் ஜூன் முதல் தேதி சுகாதார அதிகாரி குளிர் அறைக்குப் பூட்டுப் போடுவார். உன் அத்தான் போனபிறகு பதினோரு வருஷம் இந்தக் கடையைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வராத ஒரு ஆளால் அது மூடப்படுமா?

நுகர்வோர் அலுவலகத்துக்கு எழுதினேன். அந்தச் சட்டம் வீட்டுக்காரர்களுக்குத்தானாம். நான் வியாபாரியாம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம். மீன் வடை விற்கிற கிழவிக்கும் எண்ணெய்க் கப்பல் முதலாளிக்கும் ஒரே சட்டம்.

அடுத்தது இருபதாம் வாரம். ஏதாவது யோசித்தாயா? சொல்.

அக்கா


திராமன், 29 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் வேலை அதிகம். முதுகு பரவாயில்லை.

கவலைப்படாதே. இருபதாம் வாரம் கடையில் இரு. பதினேழாம் தேதி தேசிய நாள், ஊர்வலத்துக்குப் போய் வா. அதற்கு அடுத்த நாளிலிருந்து இரு. ஆள் வருவார். கடை மூடப்படாது.

வெயில் வந்துவிட்டது இங்கே. உடம்பைப் பார்த்துக்கொள்.

எய்லிஃப்


ஸ்கார்விக், 6 மே 1999

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் ஒரு கேள்வி இல்லை. ஏழு வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் உதை வாங்கியவன் நீ. கேள்வி கேட்காத எய்லிஃபை நான் பார்த்ததே இல்லை. வாயில் கொழுக்கட்டையா? "ஆள் வருவார்" என்று ஜோசியக்காரன்போல வேறு எழுதியிருக்கிறாய்.

நீ கேட்காததால் நானே கேட்கக் கிளம்பினேன். முதலில் பேக்கரி. இங்கெரிட் மாவுக் கையோடு சொன்னாள்:

"எனக்கென்ன குறை? சொன்னதுக்கு ஒரு வாரம் முன்னாலயே வந்துட்டாரு. நல்ல ஆளு, காபி குடிச்சுட்டுப் போனாரு."

ஒரு வாரம் முன்னால்! அப்புறம் இறைச்சிக் கடை, பால் கடை. அங்கேயும் ஒரு வாரம் முன்னால்தான் வந்திருக்கிறான். கடை திறந்திருந்தது, வேலை முடிந்தது, சீக்கிரம் வந்தானே என்று சந்தோஷப்பட்டு மறந்துவிட்டார்கள். அந்த எட்டாம் வாரம் கடையைப் பூட்டியிருந்தது யார்? குடிலுக்குப் போன நானும் ஹல்வார்டும். ஈஸ்டருக்கு முந்தின வாரமும் அதே கதைதான். நான் அடுப்பில் போட்ட குப்பைக்குள் அவனுடைய சீட்டு இருந்திருக்கிறது, எய்லிஃப். என் கையாலேயே எரித்திருக்கிறேன்.

ஆகவே மெக்கானிக் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. அவன் ஏன் எப்போதும் ஒரு வாரம் முன்னால் வருகிறான் என்பதுதான் தெரியவில்லை. காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஹல்வார்டிடம் சொல்லிப் பார்த்தேன். அவர், "என் காதில் பூ சுற்றாதீர்கள், அது என் தொழில்" என்கிறார். இருபதாம் வாரம் வருகிறார்கள் என்பதால் பத்தொன்பதாம் வாரத்தில் முழங்கால் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார், அதை மாற்றினால் இலையுதிர் காலம்தானாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இரண்டு வாரமும் உட்காரப்போகிறேன்.

அக்கா தூர்திஸ்


ஸ்கார்விக், 19 மே 1999

எய்லிஃப்,

உடம்பு எப்படி என்று பிறகு கேட்கிறேன்.

பத்தொன்பதாம் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. என் கணக்கு தப்பு என்று மனம் ஒடிந்துபோனேன். நேற்று, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவன் வந்தான். யூஸ்டெய்ன் என்று பெயர், நல்ல உயரம், பேச்சு மெதுவாக. குளிர் அறையைப் பார்த்தான், முத்திரை ஒட்டினான். என் கடை பிழைத்தது. இரண்டு வடை வைத்தேன். அவன் சாப்பிடும்போது வேலைச் சீட்டை எட்டிப் பார்த்தேன். தேதி 11.05, அதாவது மே பதினொன்று, என்று அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டுப் பேனாவால் 18.05.

"இத யாரு திருத்தினா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சும்மா. உங்க சீட்டு ஒண்ணுதான் இப்படி. மத்தவங்களுக்கெல்லாம் போன வாரமே போயிட்டேன்."

"ஹல்வார்ட் பூக்கடைக்கு?"

"போனேன். பூட்டியிருந்துச்சு. எனக்கே சங்கடமா இருந்துச்சு, மூணாவது தடவை."

என் கையில் இருந்த கடிதத்தைக் காட்டினேன்: இருபதாம் வாரம். அவன் அதைப் பார்த்ததே இல்லையாம். அவனுக்குத் தேதி போட்ட சீட்டு மட்டும்தான் வரும். சுவரில் தொங்கிய காலண்டரை இறக்கி இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தோம். பதினோராம் தேதி பத்தொன்பதாம் வாரத்தில் இருக்கிறது. அவன் வடையைக் கீழே வைத்துவிட்டான். "அப்போ அந்த வாரம் வர்றதா உங்ககிட்ட யாருமே சொல்லலையா" என்று கேட்டான்.

வாடிக்கையாளர் நகலை எனக்குக் கிழித்துக் கொடுத்தான். அது இப்போது மேசைமேல் கிடக்கிறது. எட்டு என்ற எண்ணை எல்லாரும் ஒரே இழுப்பில் எழுதுவார்கள். ஒரு வட்டம் போட்டு, அதன்மேல் இன்னொரு வட்டத்தை உட்காரவைத்து, பனிமனிதன் மாதிரி எழுதுகிறவன் ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும். வாத்தியார் எத்தனை அடித்தும் அவன் மாற்றவில்லை.

எந்த அலுவலகம் என்று நான் மார்ச்சில் கேட்டேன். இப்போது மறுபடி கேட்கிறேன்.

தூர்திஸ்


திராமன், 27 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபமாக இருப்பாய், இருந்தாலும் நலமாக இரு.

கரடிக் கம்பெனிதான். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தெரியாது. குளிர் அறைக் கம்பெனிகள் எத்தனையோ. நகலைப் பிரித்தபோதுதான் கரடியைப் பார்த்தேன். அந்தக் கடிதத்தை மடித்ததே நான். அத்தான் பெயரில் ஹோவ்லன்ட் மீன் கடை என்று போயிருக்கிறது. ஆயிரம் உறைகளுக்கு நடுவில் நான் கவனிக்கவில்லை.

காரணம் கேட்டிருந்தாய். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பயந்து, அமெரிக்காவிலிருந்து புதிதாக ஒன்று வாங்கினார்கள். இந்த வருஷம் ஜனவரி முதல் தேதி வெள்ளிக்கிழமை. நமக்கு அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பழைய வருஷத்தின் ஐம்பத்து மூன்றாம் வாரம், நாலாம் தேதி திங்களன்றுதான் முதல் வாரம். அந்தக் கம்ப்யூட்டருக்கோ ஜனவரி ஒன்று எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். ஆகவே வருஷம் முழுக்க நம்மைவிட ஒரு எண் கூடவே ஓடுகிறது. அது ஒன்பது என்றால் நமக்கு எட்டு. மெக்கானிக்குக்குத் தேதி போகிறது, உங்களுக்கு வாரம் போகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற மனிதன் யாரும் இல்லை. நான் ஈஸ்டர் விடுமுறையில் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். "நல்ல வேலை பண்ணீங்க எய்லிஃப். ஆனா இத யார்கிட்டயும் சொல்ல வேணாம். அடுத்த வருஷம் தானா சரியாயிடும்" என்றார். இந்தக் காலாண்டில் வீண்நடையில் வந்ததுபோல் கம்பெனிக்கு வேறெதிலும் வரவில்லையாம். அடுத்த வருஷமும் சரியாகாது, அக்கா. அதையும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. நான் பேசாமல் இருந்தேன். உன் சீட்டை மட்டும் எடுத்துத் திருத்தினேன். உன் கடைக்கு இனி ஆபத்து இல்லை. இதை இத்தோடு விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறேன்.

எய்லிஃப்


ஸ்கார்விக், 2 ஜூன் 1999

எய்லிஃப்,

உன் முதுகுக்காக நான் கவலைப்படுவது நிற்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அதிகாரி வந்தார். என் குளிர் அறையின் முத்திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தெருவைக் கடந்து போய் ஹல்வார்டின் குளிர் அறைக்குப் பூட்டுப் போட்டார். அவர் ஊன்றுகோலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாம் தேதிக்கு வாங்கியதில் மிஞ்சிய துலிப் பூவெல்லாம் வாளியோடு வெயிலில் நிற்கிறது. என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு மட்டும் எப்படி வந்தான், தூர்திஸ்?"

எனக்குத் தெரியும், எய்லிஃப். தெரிந்தும் தெரியாது என்றேன். அறுபது வயதில் எதிர்க்கடைக்காரரிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாய். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீ எனக்குச் செய்ததை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. அதையே நினைத்தால் உன்னை அறையவும் தோன்றுகிறது. எனக்குத் தம்பி இருந்தான், சீட்டு திருந்தியது. தம்பி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

நான் பத்திரிகைக்கு எழுதி வைத்திருக்கிறேன். வாரக் கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. யார் கண்டுபிடித்தது என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும், உன் வேலை போகும். ஆகவே உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தபாலில் போடுவேன். அதற்குள் நீயாக ஏதாவது செய்தால் செய்.

அக்கா


திராமன், 14 ஜூன் 1999

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. தூக்கமும் வருகிறது.

பத்திரிகைக்கு நீ போட வேண்டாம். நான் போட்டுவிட்டேன், பத்திரிகைக்கும், பூட்டிய கதவு என்று எழுதப்பட்ட இருநூற்றுப் பதினாறு பேருக்கும். பட்டியல் என் மேசையில்தான் இருந்தது. தபால் தலை என் காசு, உறை மடித்தது மட்டும் பழக்கதோஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தபால் பெட்டி நிறைந்து, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துப் பெட்டிக்குப் போனேன்.

இன்று காலை மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். வேறு வேலை கிடைக்குமா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

எய்லிஃப்


ஸ்கார்விக், 22 ஜூன் 1999

என் எய்லிஃபுக்கு,

நான் நலம், வாசலில் புல் நலம், கடலும் இன்று நல்ல மனநிலையில் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? சமைக்கச் சோம்பல்பட்டு ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியுமாகவே காலத்தை ஓட்டாதே.

உன் கடிதம் எனக்கும் வந்தது. "மதிப்புக்குரிய வாடிக்கையாளர்" என்று என்னை அழைத்திருந்தாய். "எங்கள் கடிதங்களில் வாரம் தவறாக இருந்தது. உங்கள் கதவு பூட்டியிருந்த நாளில் வருவோம் என்று நாங்கள் உங்களிடம் சொல்லவே இல்லை. வீண்நடைக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டித் திரும்பக் கேளுங்கள்." கீழே உன் முழுப்பெயர். நின்றுகொண்டே நாலு தடவை படித்தேன், எண்ணெயில் வடை கருகியது.

பத்திரிகைக்காரர்கள் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஹல்வார்டுக்குத் தொலைபேசி வந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்ததே ரத்தாகிவிட்டதாம். நேற்று யூஸ்டெய்ன் வந்து முத்திரை ஒட்டினான், அதிகாரி பூட்டைத் திறந்தார்.

அப்புறம் ஹல்வார்ட் உன் கடிதத்தோடு தெருவைக் கடந்து வந்தார். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்து, காபிக்கு உட்கார்ந்து, கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்த எய்லிஃப் யாரு? இங்க வந்து போவாரே, உங்க சொந்தக்காரரா?"

"என் தம்பி" என்றேன்.

"அப்போ முதல்ல வந்த கடிதமெல்லாம் போட்டதும் அவருதானா? உங்களுக்கு மட்டும் சரியான வாரத்துல ஆளை அனுப்பினதும்?"

"ஆமா. அதுவும் அவன்தான்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கோப்பையைக் காலி செய்தார், ஊன்றுகோலை எடுத்தார், வாசல்வரை போனார். அங்கே நின்று சொன்னார்:

"வந்தா என்கிட்ட அனுப்புங்க. திட்டவும் வேணும், கையப் புடிக்கவும் வேணும். ரெண்டும் நேர்லதான்."

வா. நான் குறுக்கே வரமாட்டேன்.

அக்கா தூர்திஸ்